வினைமுற்றுக்குப் பயந்து

என் கையெழுத்தைப் படிக்கப் போகிறவர்களிடம் முதலிலேயே மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன். ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். சின்ன ர எங்கே, பெரிய ற எங்கே என்பதில் இன்றைக்கும் எனக்குத் தடுமாற்றம் உண்டு. எழுதிக் கொடுத்தால் மகள் திருத்தித் தருவதாகச் சொல்லியிருக்கிறாள். அவள் கேட்டதால்தான் எழுதவே உட்கார்ந்தேன்.

காட்டாங்குளத்தூரில் ஒரு கல்லூரி விடுதியில் தண்ணீர் மோட்டார்களைப் பார்த்துக்கொள்ளும் வேலை எனக்கு. யாரோடும் அதிகம் பேச வேண்டியதில்லை என்பதாலேயே இத்தனை வருடமாக அதில் இருக்கிறேன். மகள் பட்டப்படிப்பு முடித்துவிட்டு அரசு வேலைத் தேர்வுக்குப் படிக்கிறாள். போன மாதம் ஒரு விடுமுறை நாளில் செல்போனில் மாதிரித் தேர்வு ஒன்றை எடுத்து, கேள்விகளைச் சத்தமாகப் படித்துக்கொண்டிருந்தாள். பறவைகள் வானில் பறந்தது, பறவைகள் வானில் பறந்தன, பறவை வானில் பறந்தன, இவற்றில் பிழையற்ற வாக்கியம் எது என்று ஒரு கேள்வி. அவள் படித்து முடிப்பதற்குள் என் கையில் இருந்த டீ சட்டையில் கொட்டிவிட்டது.

"என்னப்பா, உடம்பு சரியில்லையா?" என்றாள்.

உடம்புக்கு ஒன்றுமில்லை. அந்தக் கேள்வியை நான் பத்து வயதில் ஒருமுறை சந்தித்திருக்கிறேன். அதைத்தான் எழுதுகிறேன்.

அப்போது எங்கள் குடிசை இரும்புலியூர் ஏரியை ஒட்டி இருந்தது. அப்பா பம்மல் பக்கம் ஒரு தோல் கம்பெனியில் வேலை செய்தார். அம்மா எருமைகள் வைத்துப் பால் ஊற்றினாள். அம்மாவின் தம்பி, என் மாமா, தாம்பரம் மார்க்கெட்டில் மூட்டை தூக்கிக்கொண்டு எங்களோடு இருந்தார். பள்ளிக்கூடம் தண்டவாளத்துக்கு அந்தப் பக்கம். தினமும் ரயில்வே கேட்டைத் தாண்டிப் போய்வர வேண்டும்.

ஐந்தாம் வகுப்புக்கு அந்த வருடம் ஒரு புது சார் வந்தார். தெற்கே எங்கிருந்தோ வந்த வாலிபர், சைக்கிளில் வருவார். வந்த கொஞ்ச நாளில் ஒரு தேர்வைப் பற்றிச் சொன்னார். மாவட்டம் முழுவதற்கும் ஒரே கேள்வித்தாள். அதில் தேறுகிற பிள்ளைகளுக்கு விடுதியோடு கூடிய பள்ளியில் இடம் கிடைக்கும். சாப்பாடு, துணி, படிப்பு எல்லாம் அங்கேயே. எழுத்துத் தேர்வு ஒன்று, அது முடிந்ததும் பெரியவர்கள் முன்னால் நின்று வாயால் பதில் சொல்வது ஒன்று. எங்கள் பள்ளியிலிருந்து இதுவரை ஒருவரும் தேறியதில்லை என்றார். அதை அவர் சொன்ன விதத்தில், இந்த வருடம் ஒருவராவது தேறாவிட்டால் அவருக்கே அவமானம் என்பது போல இருந்தது.

அந்தத் தேர்வில் இலக்கணம்தான் அதிகமாம். எழுவாய் ஒருமையானால் வினைமுற்றும் ஒருமையாக இருக்க வேண்டும், பன்மையானால் பன்மை. மனிதர்கள் வந்தார்கள், மாடுகள் வந்தன. அத்தோடு, எழுதுகிற வாக்கியத்தைப் படிக்கிறவனுக்கு யார் எதைச் செய்தார் என்பதில் சந்தேகமே வரக் கூடாது. இதைப் பழக்குவதற்கு சார் ஒரு வழி வைத்தார். காலையில் ஒவ்வொருவராக எழுந்து நின்று, முந்தின நாள் வீட்டில் நடந்ததை ஒரு முழு வாக்கியத்தில் சொல்ல வேண்டும். தவறினால் வகுப்பு மொத்தமும் ஒரே ஒரு தடவை கை தட்ட வேண்டும். அவ்வளவுதான். பிரம்பு கிடையாது. முட்டி போடச் சொல்வது கிடையாது. திட்டக்கூட மாட்டார்.

என் முறை வந்தபோது, "நேத்து எங்க எருமைங்கோ ஏரில எறங்கிச்சு சார்" என்றேன். பட்டென்று ஒரு தட்டு. நாற்பது பிள்ளைகள் ஒரே நேரத்தில் தட்டினால் வருகிற சத்தம் அது. ஓட்டுக் கூரையில் மோதித் திரும்பி வரும். திருத்திச் சொல்வதாக நினைத்து, எருமைகள் ஏரியில் இறங்கினார்கள் என்றேன். மறுபடியும் பட். மறுநாள், நேற்று வந்த மாமாவின் எருமை கன்று போட்டது என்று ஒரு வாக்கியம் கட்டிக்கொண்டு போனேன். வினைமுற்று சரியாகத்தான் இருந்தது. ஆனால் சார் விடவில்லை.

"நேற்று வந்தது யார்? மாமாவா, எருமையா?"

நான் யோசித்தேன். மாமா அப்போதுதான் எருமையைச் சந்தையிலிருந்து ஓட்டிக்கொண்டு வந்திருந்தார்.

"ரெண்டு பேரும் சார்."

தட்டுவதற்கு முன்னால் எல்லாரும் சிரித்து முடிக்க வேண்டியிருந்தது.

வேடிக்கை என்னவென்றால், சிலேட்டில் எழுதச் சொன்னால் எனக்கு ஒருமை பன்மையில் ஒரு பிழையும் வராது. பதினைந்து வாக்கியம் கொடுத்தாலும் எல்லாவற்றையும் சரியாகத் திருத்திவிடுவேன். சார் என் சிலேட்டை வாங்கி வகுப்புக்கே காட்டினார். பிறகு என் தோளில் கை வைத்து, "உன்னைத்தான் நம்பியிருக்கிறேன். வாயை மட்டும் சரிசெய்துவிட்டால் போதும்" என்றார். அவர் அடித்திருந்தால் வலித்து அடங்கியிருக்கும். இந்த வார்த்தை அடங்கவில்லை. அன்றிலிருந்து தினமும் என்னைத்தான் முதலில் எழுப்பினார்.

அந்தத் தட்டு என்னோடு வீட்டுக்கும் வர ஆரம்பித்தது. அம்மா சுவரில் வறட்டி தட்டுவாள். நான் ஏதோ சொல்லிக்கொண்டே வருவேன், பட்டென்று சாணம் சுவரில் விழும். என் வாய் நின்றுவிடும். துணி துவைக்கிற கல்லிலிருந்து அந்தச் சத்தம் வந்தது. கேட்கீப்பர் கதவை மூடும்போது வந்தது. ஒன்றைச் சொல்வதற்கு முன் அது ஒருமையா பன்மையா, உயர்திணையா அஃறிணையா என்று மனதுக்குள் சரிபார்ப்பேன். சரிபார்த்து முடிப்பதற்குள் அம்மா அடுத்த வேலைக்குப் போய்விடுவாள். முதலில் ஒரு வார்த்தையில் பதில் சொன்னேன். பிறகு தலையை மட்டும் ஆட்டினேன். ஒரு கட்டத்தில் அம்மா என்று கூப்பிடுவதற்கே தொண்டையில் ஒன்றும் வரவில்லை. வகுப்பில் எழுந்து சும்மா நிற்பேன்; வாக்கியம் தெரியவில்லை என்று நினைத்து, ஒரு தட்டோடு சார் உட்கார வைத்துவிடுவார். பேசாமல் இருக்க வேண்டும் என்று நான் தீர்மானிக்கவில்லை. முயற்சி செய்து பார்த்தேன், வரவில்லை. ஏரிக்கரையில் யாரும் இல்லாத இடத்தில் போய் நின்று வாயைத் திறந்து பார்த்தேன். காற்றுதான் வந்தது. இனி ஆயுசுக்கும் இப்படித்தான் என்று நினைத்து அங்கேயே உட்கார்ந்துவிட்டேன்.

"இன்னாடா ஆச்சு உனுக்கு? யாராச்சும் அட்ச்சானா? வாயத் தொறந்து சொல்லேன்டா" என்று அம்மா தாடையைப் பிடித்துக் கேட்டாள். சொல்வதற்கு ஒரு வாக்கியம் வேண்டும். அந்த வாக்கியம்தான் என்னிடம் இல்லை.

அந்த வாரம் கேட்டுக்குப் பக்கத்தில் ஒருவர் ரயிலில் அடிபட்டுச் செத்துப்போயிருந்தார். பக்கத்துக் குடிசை அக்காதான் கணக்குப் போட்டுச் சொன்னாள். "அந்த வழியாத்தானே இஸ்கூலுக்குப் போறான்? பாத்துட்டுகிறான் யக்கா. பயந்துக்கினான். அதான் நாக்கு கட்டிக்கினு கீது." நான் எதையும் பார்க்கவில்லை. பிணத்தை எடுத்துப்போன பிறகுதான் அந்தப் பக்கம் போனேன். ஆனால் இல்லை என்று சொல்லவும் எனக்கு வாய் இல்லையே. அக்கா கேட்டாள், நான் தலையைக் குனிந்தேன், எல்லாருக்கும் அதுவே போதுமானதாக இருந்தது.

அதற்குப் பிறகு பயம் எடுக்கும் வேலைகள் தொடங்கின. உப்பும் மிளகாயும் முச்சந்தி மண்ணும் சுற்றி அடுப்பில் போட்டார்கள். மிளகாய் நெடி வரவில்லை, அதனால் பயம் பலமானது என்றார்கள். பொழுது சாய்ந்ததும் அம்மா என்னை மசூதி வாசலுக்கு அழைத்துப் போனாள். தொழுகை முடிந்து வருகிறவர்கள் ஊதிவிடுவதற்காகத் தண்ணீர்ச் செம்பும் கைக்குழந்தையுமாக அங்கே நின்ற வரிசையில், மீசை அரும்பாத பையன்களில் நான்தான் பெரியவன். தாடி வைத்த ஒரு பாய் என் முகத்தில் ஊதிவிட்டு, "கொழந்த ரொம்ப பயந்துகிது தாயி. ஆனா இது பேய்ப் பயம் மாதிரி தெரியல" என்றார். அவர் சொன்னதுதான் உண்மை. ஆனால் அம்மாவுக்குப் பேய்ப் பயத்தைவிட அது பெரிய பயமாகப் போய்விட்டது. வழியெல்லாம் அழுதுகொண்டே வந்தாள்.

அப்பா, தேர்வு நெருங்குகிறது என்று மட்டும் ஒருநாள் அம்மாவிடம் சொன்னது காதில் விழுந்தது. "ஊமப் புள்ளைய எவன் சேத்துக்குவான்? எப்டியாச்சும் பேசவெச்சிடு." அப்பா அந்த விடுதிப் பள்ளியைப் பற்றி எங்கள் தெருவில் எல்லாரிடமும் சொல்லி வைத்திருந்தார். என் மகன் தோல் கம்பெனிக்கு வரமாட்டான் என்று வேலை செய்கிற இடத்திலும் சொல்லியிருந்தாராம்.

கடைசியில் மாமா பொறுப்பை எடுத்துக்கொண்டார். பயந்த இடத்து மண்ணை எடுத்து நெற்றியில் வைத்தால் பயம் வந்த வழியே திரும்பிப் போய்விடும் என்பது எங்கள் பக்கத்து வழக்கம். "இதுக்குப் போயி ஏங்க்கா இவ்ளோ பேஜாரு? நான் இட்டுனு போயி மண்ண வெச்சி இட்டுனு வரேன்" என்று அம்மாவிடம் சொல்லிவிட்டு, மத்தியானம் என்னைக் கையைப் பிடித்து அழைத்துப் போனார்.

நான் பயப்படாத இடத்துக்கு என் பயத்தை எடுப்பதற்காகப் போனோம். கேட்டிலிருந்து கொஞ்சம் தள்ளி, ஜல்லியில் ரத்தத்தின் மேல் சாம்பல் கொட்டிய தடம் இன்னும் இருந்தது. அதைப் பார்த்த பிறகு எனக்கு உண்மையாகவே பயம் வந்தது. மாமா என்னை முள்வேலி ஓரமாக நிறுத்தினார். தாம்பரம் பக்கமிருந்து மின்சார ரயில் ஒன்று முதல் பாதையில் வந்துகொண்டிருந்தது. அது தூரத்தில் வரும்போதே மாமா முதல் பாதையைத் தாண்டி அந்தப் பக்கப் பாதைக்குப் போனார். சாம்பல் இருந்த இடம் அதன் நடுவில். அங்கே குனிந்து, ஜல்லியை விலக்கி, சாமி பேரைச் சொல்லிக்கொண்டே மண்ணைத் தோண்ட ஆரம்பித்தார்.

அப்போதுதான் எதிர்ப்பக்கம் பெருங்களத்தூரிலிருந்து ஒரு கூட்ஸ் வண்டி வருவதைப் பார்த்தேன். மாமா குனிந்திருந்த அதே பாதை. அவர் முதுகு அந்தப் பக்கம் இருந்தது. மின்சார ரயிலின் இரைச்சலில் அவருக்கு வேறு எதுவும் கேட்டிருக்காது.

அந்த நேரத்தில் என் வாய்க்குள் என்ன நடந்தது என்பது எனக்கு இன்றைக்கும் அப்படியே நினைவிருக்கிறது. ரயில் என்று நாக்கு எழுந்தது. ஒரு ரயிலா? இல்லை, இரண்டு. அப்படியானால் ரயில்கள். ரயில்கள் வருகிறது இல்லை. வருகின்றன. அதற்குள் கூட்ஸ் வண்டியின் முகம் பெரிதாகிவிட்டது. வருகின்றன என்பதைத் தொண்டையிலிருந்து இழுக்கிறேன், அது வரவில்லை. மாமா ஒரு கை மண்ணை மடியில் போட்டுக்கொண்டு இன்னும் ஒரு கை தோண்டினார். என் கால்சட்டை நனைந்தது.

"மாமோவ், வண்டிங்க வர்றானுங்க! ரெண்டு பேரும் வர்றானுங்க!"

அது என் குரல்தானா என்று எனக்கே தெரியவில்லை. மாமா நிமிர்ந்தார். நிமிர்ந்து ரயிலைப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்தார். முகம் முழுக்கச் சிரிப்பு. நான் என்ன சொன்னேன் என்பது அவர் மனதில் ஏறவே இல்லை. நான் சொன்னேன் என்பதுதான் ஏறியது. தண்டவாளத்தின் நடுவில் நின்றுகொண்டு, பேசிட்டான் என்று யாருக்கோ சொல்வது போல இரண்டு கையையும் விரித்தார். நான் வார்த்தை இல்லாமல் அலறினேன். கூட்ஸ் டிரைவர் ஊதிய ஊதல் வந்தது. அதற்கப்புறம் என் கண்ணுக்கும் மாமாவுக்கும் நடுவில் மின்சார ரயில் நுழைந்துவிட்டது. அதன் பெட்டிகள் ஒவ்வொன்றாகப் போகப் போக, ஜன்னல்களின் வழியே கூட்ஸ் வண்டியின் துருப்பிடித்த சிவப்பு மட்டும் தெரிந்தது.

இரண்டும் போன பிறகு பார்த்தால் மாமா அந்தப் பக்கச் சரிவில் உட்கார்ந்திருந்தார். முழங்கால் கிழிந்திருந்தது. துண்டைக் காணோம். நான் ஓடிப் போய் அவர் கழுத்தைக் கட்டிக்கொண்டேன். வெகு நேரம் கழித்துத்தான் அவருக்கும் பேச்சு வந்தது.

"வண்டிங்க வர்றானுங்களா? இன்னாடா, அவனுங்க உனுக்கு மாமனா, மச்சானா?"

சொல்லிவிட்டுச் சிரித்தார். சிரித்துக்கொண்டே கண்ணைத் துடைத்தார். வீட்டுக்கு நடக்கும்போது நான் எல்லாவற்றையும் கொட்டினேன். சார், கை தட்டுவது, வறட்டிச் சத்தம், எருமை, மாமா, ஒருமை, பன்மை. எதிலும் எதுவும் ஒத்துப்போயிருக்காது. மாமாவுக்கு ஒரு இடத்திலும் சந்தேகம் வரவில்லை.

ரயில் விஷயத்தை வீட்டில் மூச்சு விடக் கூடாது என்று மாமா என்னிடம் சத்தியம் வாங்கினார். சாயங்காலத்துக்குள் அவரே தெரு முழுக்கச் சொல்லி முடித்துவிட்டார். அம்மா அவரை விளக்குமாற்றால் இரண்டு போட்டாள். பிறகு என்னை மடியில் இழுத்துப் போட்டுக்கொண்டு, பேசு, பேசு என்று கேட்டுக்கொண்டே இருந்தாள்.

அப்பா சாப்பிட்டுக்கொண்டே கேட்டார். மாமா கை தட்டிக் காட்டினார், என்னைப் போல வாயைத் திறந்து மூடிக் காட்டினார். அப்பா பிசைந்த சோற்றை அப்படியே வைத்துவிட்டார்.

"எங்ககிட்ட பேசறதுக்கா பயந்த?"

நான் ஆமாம் என்றேன். அப்பா எழுந்து கையைக் கழுவினார்.

மறுநாளிலிருந்து என்னைப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பவில்லை. தேர்வுக்கு முந்தின நாள் சாயங்காலம் சார் எங்கள் வீட்டைத் தேடிக்கொண்டு வந்தார். சைக்கிளில் காற்று இறங்கிப்போய், தள்ளிக்கொண்டு வந்திருந்தார். வெள்ளைச் சட்டை முதுகில் ஒட்டியிருந்தது. நான் எருமைக்குப் பின்னால் ஒளிந்துகொண்டேன். அப்பா தோளில் இருந்த துண்டை எடுத்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டு அவர் முன்னால் நின்றார்.

"உங்கள் பையன் நாளைக்கு எழுதினால் நிச்சயம் தேறிவிடுவான். இந்தப் பள்ளியில் அவன் ஒருவன்தான் தேறுவான். அனுப்புங்கள்" என்றார் சார்.

அப்பா தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு மெதுவாகச் சொன்னார்.

"படிக்காட்டிப் போவுது சார். பேசிக்கினு இருக்கட்டும்."

சாருக்கு அது உடனே விளங்கவில்லை. மாமா பக்கத்தில் நின்று விளக்கினார். சாரின் முகம் மாறியது. "நான் ஒரு பிள்ளையையும் அடித்ததில்லையே" என்றார்.

"தெரியும் சார்" என்றார் அப்பா.

சார் சைக்கிளைத் திருப்பினார். அப்பா போய் அதை அவர் கையிலிருந்து வாங்கித் தள்ளிக்கொண்டு நடந்தார். ஏரிக்கரை வழியாக இரண்டு பேரும் போவதை நான் எருமைக்குப் பின்னாலிருந்து பார்த்தேன். எனக்கு அப்படி ஒரு சந்தோஷம். அப்பா சாரை ஜெயித்துவிட்டார், இனி திரும்பி வராதபடி ஊர் எல்லைவரைக்கும் கொண்டுபோய் விட்டுவிட்டு வரப்போகிறார் என்று நினைத்தேன். அப்பா திரும்பி வர இருட்டிவிட்டது. வந்தவர் சாப்பாடு வேண்டாம் என்று படுத்துவிட்டார். நான் விடாமல் பேசிக்கொண்டிருந்தேன்.

ஆறாம் வகுப்புக்குத் தாம்பரத்தில் பெரிய பள்ளிக்கூடத்தில் சேர்த்தார்கள். முதல் நாளே ஒரு புது சார் என்னை எழுந்து நின்று பெயர் சொல்லச் சொன்னார். நான் மத்தியானமே பையை எடுத்துக்கொண்டு வீட்டுக்கு வந்துவிட்டேன். ஏன் வந்தாய் என்று யாரும் கேட்கவில்லை. அதுவும் எனக்குச் சந்தோஷமாகவே இருந்தது. சில வருடங்களில் அப்பாவோடு நானும் தோல் கம்பெனிக்குப் போக ஆரம்பித்தேன்.

எனக்குக் கல்யாணம் ஆகி, மகள் பிறந்த பிறகு, அப்பா குரோம்பேட்டை ஆஸ்பத்திரியில் படுத்திருந்தார். அவரும் நானும் அதிகம் பேசிக்கொள்கிறவர்கள் இல்லை. ஒருநாள் கஞ்சி கொடுத்துக்கொண்டிருந்தபோது அவராகவே ஆரம்பித்தார்.

"அன்னிக்கி அந்த சாரு வந்தாரே. இன்னொரு வாட்டி கேப்பாரு, கேட்டா உன்ன அனுப்பிடலாம்னுதான் கூடவே போனேன். மெயின் ரோடு வரைக்கும் போனேன். பஞ்சர் ஒட்ற வரைக்கும் நின்னேன். அவரு கேக்கவேயில்ல."

"நீயே சொல்லியிருக்கலாமேப்பா" என்றேன்.

"சாருகிட்ட நான் போயி இன்னாடா பேசறது?" என்றார் அப்பா. அதைச் சொல்லும்போதும், அந்தக் கட்டிலில் படுத்துக்கொண்டு, அவர் தரையைத்தான் பார்த்தார்.

எழுதி முடித்தது, புரட்டாசி மாதம் கடைசி ஞாயிற்றுக்கிழமை.